சுரங்கத்திலிருந்து கோட்பாட்டுக்கு: ஆன்ரி ஃபயோலின் தொழில் வாழ்வும் 'நிர்வாக முறை' என்னும் உரிமைகோரலும்

ஆய்வுச் சுருக்கம்

வணிகவியல், மேலாண்மைப் பாடநூல்களில் பதினான்கு கொள்கைகளின் ஆசிரியராக மட்டுமே அறியப்படும் ஆன்ரி ஃபயோல் (1841–1925), நடுப் பிரான்சில் இயங்கிய நிலக்கரி, எஃகு நிறுவனம் ஒன்றில் 58 ஆண்டுகள் ஊதியம் பெற்றுப் பணியாற்றியவர். அவற்றுள் 30 ஆண்டுகள் அதன் தலைமை இயக்குநராக இருந்தார். நலிந்து கிடந்த அந்நிறுவனம் தம் நிர்வாக முறையினாலேயே மீண்டது என்று அவர் பிற்காலத்தில் உரிமை கோரினார். அவ்வுரிமைகோரலை அவரது தொழில் வாழ்வின் நிகழ்வுகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நிர்வாகத் திறனைத் தொழில்நுட்ப அறிவிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு ஏன் எழுந்தது என்பதும், அப்பிரிப்பில் சுரங்கத் தொழிலாளர் எங்கு நின்றனர் என்பதும் இதன் மையக் கேள்விகள்.

திறவுச்சொற்கள்: ஃபயோல், கொமந்த்ரி, தெகாஸ்வில், தொழில் நிர்வாகம், சுரங்கத் தொழிலாளர், மேலாண்மை வரலாறு

முன்னுரை

தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்பு வணிகவியல் பாடத்தைப் பயின்றோர் அனைவரும் 'ஹென்றி ஃபேயோல்' என்னும் பெயரை அறிவர். வேலைப் பகிர்வு தொடங்கிக் குழு உணர்வு ஈறாகப் பதினான்கு கொள்கைகளை வரிசை மாறாமல் ஒப்பித்து மதிப்பெண் பெற்றவர்கள் பலர். ஆனால் பாடநூல் ஃபயோலுக்கு ஊர் இல்லை. அவர் நடத்திய தொழில் எது, அதில் வேலை செய்தோர் யார் என்னும் விவரங்களும் இல்லை. கொள்கைகள் ஒரு மனிதரின் அனுபவத்திலிருந்து பிறந்தவை என்று ஒரு வரி இருக்கும். அந்த அனுபவம் என்ன என்பது சொல்லப்படுவதில்லை.

இந்த விடுபாட்டுக்குப் பாடநூலாசிரியர்கள் மட்டும் காரணமல்லர். ஃபயோலே அதற்கு வழி வகுத்தவர். 1888இல் தாம் பொறுப்பேற்றபோது நிறுவனம் சரிவில் இருந்ததையும், பின்னர் அது வளர்ச்சிப் பாதைக்குத் திரும்பியதையும் நினைவுகூரும் அவர், சுரங்கங்களும் ஆலைகளும் நிதி ஆதாரங்களும் சந்தையும் இயக்குநர் குழுவும் பணியாளரும் முன்னிருந்தவாறே இருக்க, நிர்வகிக்கும் முறை ஒன்று மாறியதாலேயே இத்திருப்பம் நிகழ்ந்தது என்னும் பொருள்பட எழுதினார். இக்கூற்று மேலாண்மை இலக்கியத்தில் பெரும்பாலும் கேள்வியின்றி வழங்கிவருகிறது. ஒரு நிறுவனத்தின் வரலாற்றைப் பற்றிய கூற்று என்ற வகையில் இதுவும் பிற வரலாற்றுக் கூற்றுகளைப் போலச் சான்றுகளுக்குக் கட்டுப்பட்டதே.

கொமந்த்ரியில் உருவான பொறியாளர்

ஃபயோல் 1841 ஜூலை 29 அன்று இஸ்தான்புல்லில் பிறந்தார். அவர் தந்தை அங்குப் பணிநிமித்தம் தங்கியிருந்தார். குடும்பம் 1847இல் பிரான்சுக்குத் திரும்பியது. சேன்-தெத்தியேன் சுரங்கப் பள்ளியில் பயின்று 1860இல், தம் 19ஆம் வயதில், பொறியாளராக வெளிவந்தார். இப்பள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாரிசின் பாலிடெக்னிக் பள்ளியில் பயின்று அரசின் சுரங்கப் பொறியாளர் பிரிவில் சேர்ந்தோரே அக்காலப் பிரான்சில் தொழில்நுட்ப மேட்டுக்குடியினர். சேன்-தெத்தியேன் பள்ளி தனியார் சுரங்கங்களை நேரில் நடத்துவோரை உருவாக்கியது. மதிப்பில் அது ஒருபடி கீழே வைக்கப்பட்டது. இந்த வேறுபாடு ஃபயோலின் பிற்கால எழுத்தில் பல இடங்களில் தலைகாட்டுகிறது.

அவர் சேர்ந்த நிறுவனம் புவாக்-ரான்பூர். அலியே மாவட்டத்துக் கொமந்த்ரி நிலக்கரிச் சுரங்கம், லுவார் ஆற்றங்கரையில் நெவேருக்கு அருகிலிருந்த ஃபூர்ஷாம்போ இரும்பாலை, மோன்லுசோன் ஊதுலைகள், அன்ஃபி எஃகாலை ஆகியன இதன் உடைமைகள். 1874இல் இது கொமந்த்ரி-ஃபூர்ஷாம்போ என்னும் பெயரில் பங்கு நிறுமமாக மாறியது. இளைஞர் ஃபயோலைச் சேர்த்துக்கொண்டவர் இயக்குநர் ஸ்தெஃபான் மோனி. இவர் சேன்-சிமோன் சிந்தனை மரபில் வளர்ந்தவர். தொழிலை ஆளும் அறிவுடையோரே சமூகத்தை வழிநடத்தத் தக்கவர் என்னும் அம்மரபின் எண்ணம் ஃபயோலிடம் எந்த அளவுக்கு இறங்கியது என்பதை அளந்து கூறுதல் கடினம். எனினும் ஃபயோலின் முதல் கால் நூற்றாண்டுப் பணி இவரது நிழலில் கழிந்தது.

கொமந்த்ரி நிலக்கரி தானே தீப்பற்றும் இயல்புடையது. நிலத்தடியில் தீ பரவினால் அப்பகுதியையே அடைத்து மூட வேண்டியிருந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. ஃபயோல் பெயர் பெற்றது இத்தீயோடு போராடியதால்தான். 1866இல், 25 வயதில், கொமந்த்ரிச் சுரங்கத்தின் மேலாளரானார். 1872இல் நிறுவனத்தின் சுரங்கத் தொகுதி முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. காற்றுபட்ட நிலக்கரி எவ்வாறு மாற்றமடைந்து தீப்பற்றுகிறது என்பது குறித்த அவரது ஆய்வு 1879இல் வெளியானது. சுரங்கம் தோண்டுவதால் மேல்நிலம் அமிழ்வது பற்றி அவர் 1885இல் எழுதியது, அகழ்ந்த வெற்றிடத்துக்கு மேலே பாதிப்பு குவிமாட வடிவில் ஓர் எல்லைக்குள் அடங்குகிறது என்னும் கருத்தை முன்வைத்தது. சுரங்கப் பொறியியல் நூல்கள் இக்கருத்தை இன்றும் அவர் பெயராலேயே குறிப்பிடுகின்றன.

இக்காலத்து நிகழ்வு ஒன்று மிகச் சிறியது. ஆனால் விளைவு மிக்கது. 1861இல் சேன்-எத்மோன் குழியில் வேலைசெய்த குதிரை ஒன்றின் கால் முறிந்தது. மாற்றுக் குதிரை கேட்டு ஃபயோல் சீட்டு எழுதி அனுப்பினார். இயக்குநரின் கையொப்பம் இல்லாத சீட்டை ஏற்க இயலாது என்று லாயப் பொறுப்பாளர் மறுத்துவிட்டார். இயக்குநரோ ஊரில் இல்லை. அவருக்குப் பதில் கையொப்பமிட எவரும் நியமிக்கப்படவும் இல்லை. எவ்வளவு வேண்டியும் பொறுப்பாளர் இணங்கவில்லை. அன்று அக்குழியில் உற்பத்தி நின்றது. அதிகாரம் ஒருபோதும் ஆளின்றி இருத்தல் ஆகாது என்பது இருபது வயதைத் தொடும் அப்பொறியாளர் குறித்துவைத்த பாடம். லாயப் பொறுப்பாளர் செய்தது தவறு என்று அவர் எழுதவில்லை. அவரிடம் விதி இருந்தது, விதியைத் தளர்த்தும் ஆள் இல்லை. பாடநூலில் அதிகாரம், கட்டளை ஒருமை, அதிகாரத் தொடர் எனப் பிரிந்து கிடக்கும் கொள்கைகள் இந்த ஒரு குதிரையின் காலில் ஒன்றாய்ப் பிணைந்துள்ளன.

ஃபயோலின் நிலவியல் பணி தனியே நோக்கத்தக்கது. கொமந்த்ரிப் படுகையின் நிலக்கரி, செடிகொடிகள் வளர்ந்த இடத்திலேயே மட்கி உருவானதன்று. ஆறுகள் அடித்துவந்த தாவரச் சிதைவுகள் பழங்கால ஏரி ஒன்றின் முகத்துவாரத்தில் படிந்து உருவானது என்பது அவர் முடிவு. 1886 முதல் அறிஞர் பலர் இணைந்து வெளியிட்ட கொமந்த்ரிப் படுகை ஆய்வுகளில் இக்கழிமுகக் கோட்பாடு விரிவாக நிறுவப்பட்டது. அச்சுரங்கத்தில் கிடைத்த புதைபடிவங்களுள் ஒன்று, ஏறத்தாழ 65 சென்டிமீட்டருக்கு மேல் சிறகு விரிவுடைய பெரும் பூச்சி. ஷார்ல் பிரோன்யார் அதனை விவரித்தார். மெகனூரா மோனியி என வழங்கும் அதன் பெயரில் இயக்குநர் மோனியின் பெயர் உறைகிறது. ஃபயோலின் பெயரும் கல்லில் ஏறியது. 1884இல் 'ஃபயோலியா' எனப் பெயரிடப்பட்டுத் தாவரம் எனக் கருதப்பட்ட படிவம், பின்னர்ச் சுறாவின் முட்டைக்கூடு என அறியப்பட்டது. 1893இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவருக்குத் தெலெஸ் பரிசு வழங்கியது. தொழில்நுட்பத்தைப் பின்னுக்குத் தள்ளி நிர்வாகத்தை முன்னிறுத்திய ஒருவர், தம் காலத்தின் தேர்ந்த சுரங்க அறிஞருள் ஒருவராக இருந்தார் என்பதைத் தொடர்ந்து வருவனவற்றைப் படிக்கும்போது மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

தலைமைப் பொறுப்பும் நிறுவனத்தின் மீட்சியும்

மோனி 1884இல் இறந்தார். 1885 முதல் நிறுவனம் பங்காதாயம் வழங்கவில்லை. ஃபூர்ஷாம்போ, மோன்லுசோன் ஆலைகள் நட்டத்தில் ஓடின. கொமந்த்ரியின் நிலக்கரியோ தீர்ந்துகொண்டிருந்தது. இந்நிலையில் 1888இல் ஃபயோல் தலைமை இயக்குநராக்கப்பட்டார்.

அடுத்து நிகழ்ந்தவை தெளிவானவை. 1891இல் பிரசாக் சுரங்கமும் 1892இல் தெகாஸ்வில் சுரங்கங்களும் ஆலைகளும் வாங்கப்பட்டன. 1900இல் லொரேன் பகுதியின் ஜூத்ரவில் இரும்புத்தாதுச் சுரங்கம் சேர்ந்தது. ஒரு காலத்தில் நிறுவனத்தின் பெருமையாக விளங்கிய ஃபூர்ஷாம்போ இரும்பாலை 1901இல் மூடப்பட்டது. அன்ஃபி ஆலை சிறப்பு எஃகுகளின் பக்கம் திருப்பப்பட்டது. நிறுவனத்தின் பெயரோடு தெகாஸ்வில்லும் இணைந்தது.

இவற்றை வைத்துப் பார்க்கையில், சுரங்கங்களும் ஆலைகளும் முன்னிருந்தவாறே இருந்தன என்னும் கூற்று நேர்ப்பொருளில் நிற்கவில்லை. 1888இல் நிறுவனத்திடம் இருந்த சுரங்கமும் 1905இல் அதற்கு வருவாய் ஈட்டித்தந்த சுரங்கமும் ஒன்றல்ல. 1890களின் பிற்பாதியில் ஐரோப்பா முழுவதும் நீண்ட விலைவீழ்ச்சிக் காலம் முடிவுக்கு வந்ததையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். அக்காலத்தில் மீண்ட எஃகு நிறுவனம் இது ஒன்று மட்டுமன்று.

ஃபயோலின் சார்பிலும் ஒன்றைச் சொல்லலாம். வாங்குவதும் மூடுவதும் தாமே நிர்வாக முடிவுகள். அவற்றைக் காலமறிந்து எடுத்ததே அவர் முறையின் வெற்றி எனலாம். இவ்வாதத்தில் வலு உண்டு. ஆண்டுத் திட்டத்தோடு பத்தாண்டு முன்மதிப்பீட்டையும் அவர் வகுத்தார்; அதனை ஆண்டுதோறும் திருத்தி, ஐந்தாண்டு கழிந்ததும் புதிதாக எழுதச் செய்தார். துறைத் தலைவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தினார். நிறுவன அமைப்பை வரைபடமாக்கினார். ஆலைகளும் சுரங்கங்களும் வெவ்வேறு ஊர்களில் சிதறிக் கிடந்த ஒரு நிறுவனத்துக்கு இவை வெறும் அலங்காரமாக இருந்திருக்க இயலாது.

ஆயினும் பத்தாண்டு முன்மதிப்பீடு என்னும் கருத்தே எங்கிருந்து வந்தது? சுரங்கம் என்பது நாள்தோறும் குறைந்துகொண்டே வரும் மூலதனம். துணியாலைக்காரர் அடுத்த ஆண்டுப் பஞ்சை அடுத்த ஆண்டு வாங்கலாம். சுரங்கக்காரர் இன்று எடுத்த நிலக்கரி நாளை இல்லை. எவ்வளவு எஞ்சியுள்ளது, எத்தனை ஆண்டு தாங்கும், அதற்குப் பின் என்ன என்று கேட்காமல் சுரங்கத்தை நடத்த முடியாது. படுகை எவ்வாறு உருவாயிற்று என்று ஆராய்ந்தவருக்கே அது எங்கு முடிகிறது என்று கணிக்கும் தகுதி இருந்தது. ஃபயோல் நிர்வாகத்தின் முதற்கூறாக வைத்த முன்னோக்கு, சுரங்கப் பொறியாளரின் அன்றாடப் பழக்கம் பொதுக்கோட்பாடாக உயர்ந்த ஒன்று. பிரசாக்கையும் தெகாஸ்வில்லையும் மதிப்பிட்டு வாங்கத் துணிந்ததில் நிலவியலறிஞரையும் நிர்வாகியையும் தனித்தனியே பிரித்தெடுப்பது இயலாது.

அன்ஃபியின் கதை இதனை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. பன்னாட்டு எடை-அளவை அலுவலகத்தைச் சேர்ந்த இயற்பியலறிஞர் ஷார்ல் எதுவார் கியோம், வெப்பத்தால் ஏறத்தாழ விரிவடையாத நிக்கல்-எஃகு உலோகக்கலவையை 1896ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்தார். 'இன்வார்' எனப் பெயர் பெற்ற அக்கலவைக்கான மாதிரிகள் அன்ஃபி ஆலையில் வார்க்கப்பட்டன. நில அளவைக்கும் கடிகாரங்களுக்கும் அது பயன்பட்டது. 1920இல் கியோமுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. உடனடி ஆதாயம் தெரியாத இவ்வாய்வுக்கு நிறுவனத்தின் உலைகளை ஃபயோல் திறந்துவிட்டார். அடுத்த கட்டமாக, 1910இல் பியேர் ஷெவ்னார் என்னும் இளம் பொறியாளர் சேர்க்கப்பட்டு, அன்ஃபியில் ஆய்வுக்கூடம் உருவானது. தொழிற்சாலைக்குள் நிலையான ஆய்வுக்கூடம் என்பது அன்றைய பிரான்சில் அரிதான ஒன்று. பாடநூல்கள் போற்றும் பதினான்கு கொள்கைகளில் ஆராய்ச்சி என்பது ஓர் உருப்படியாக இல்லை. அவர் நிறுவனத்தில் அது இருந்தது.

கொள்கைகளில் இடம்பெறாதோர்

கொமந்த்ரி வரலாற்றில் 1841இல் பிறந்த இன்னொருவரும் உண்டு. கிறிஸ்தோஃப் திவ்ரியே கொமந்த்ரிக்கு அருகில் பிறந்து, சிறுவயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கியவர். ஃபயோல் சுரங்கத் தொகுதியின் மேலாளராக இருந்த 1881இல் அங்கு வேலைநிறுத்தம் நடந்தது. அதன் சூட்டோடு, சுரங்க நிறுவனத்தின் செல்வாக்கு மேலோங்கியிருந்த நகராட்சியைச் சோசலிசவாதிகள் கைப்பற்றினர். 1882இல் திவ்ரியே மேயரானார். உலகின் முதல் சோசலிச மேயர் என்று அவரைக் குறிப்பிடுவது பிரெஞ்சுத் தொழிலாளர் வரலாற்றில் வழக்கம். 1889இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது தொழிலாளர் அணியும் நீல மேலங்கியோடு அவைக்குச் சென்று அமர்ந்தார். ஒரே ஆண்டில் பிறந்த இருவரில் ஒருவர் 1888இல் நிறுவனத்தின் தலைமைக்கும் மற்றவர் மறு ஆண்டே நாடாளுமன்றத்துக்கும் சென்றனர். இருவருக்கும் களம் ஒரே நிலக்கரிப் படுகை.

ஃபயோலின் நூலில் திவ்ரியேக்கள் இல்லை. 'பணியாளர்' உண்டு, அவர்க்குரிய நியாயமான ஊதியம், நேர்மையான நடத்துமுறை, பணி நிலைத்தன்மை ஆகியவை கொள்கைகளாகவே இடம்பெறுகின்றன. இவற்றை வெறும் பேச்சு என்று தள்ளிவிடுதல் தவறு. அக்காலத் தொழில் முதலாளிகள் பலர் இவ்வளவும் எழுத்தில் ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். ஆனால் தனிநலன் பொதுநலனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் கொள்கையில் பொதுநலன் என்பது நிறுவனத்தின் நலன். அதை வரையறுப்பவர் தலைவர். தொழிலாளரின் கூட்டுக் குரலும் ஒரு பொதுநலனைப் பேசக்கூடும் என்னும் எண்ணத்துக்கு அங்கு இடமில்லை.

தெகாஸ்வில்லை இங்கு நினைவுகூர்தல் தகும். அவெரோன் மாவட்டத்து இவ்வூரில் 1886 ஜனவரி 26 அன்று வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர், நிறுவனத்தின் துணை இயக்குநர் ஜூல் வாத்ரேனை அலுவலகச் சன்னலிலிருந்து கீழே எறிந்தனர். கீழே திரண்டிருந்த கூட்டம் அவரைக் கொன்றது. கூலிக் குறைப்புக்கு அவரே காரணம் எனத் தொழிலாளர் கருதினர். எமீல் ஸோலாவின் 'ஜெர்மினால்' நாவல் நூலாக வெளிவந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. வேலைநிறுத்தம் ஜூன் வரை நீடித்து, நாடாளுமன்றத்தில் கடும் விவாதத்தைக் கிளப்பியது. ஆறே ஆண்டுகளில், வாத்ரேன் எறியப்பட்ட அதே சுரங்க நகரை ஃபயோலின் நிறுவனம் விலைக்கு வாங்கியது. தெகாஸ்வில் சுரங்கத் தொழிலாளர் பற்றி 1985இல் நூல் வெளியிட்ட டொனால்ட் ரீட், ஃபயோலின் கோட்பாட்டை இத்தகைய களப் பின்னணியோடு சேர்த்து வாசித்தவர்களுள் முக்கியமானவர். அவர் திறந்த வழி மேலாண்மைத் துறையினரால் போதிய அளவு பின்பற்றப்படவில்லை.

வாத்ரேனின் நினைவு தெகாஸ்வில்லில் பணியேற்ற ஒவ்வொரு பொறியாளரோடும் இருந்திருக்க வேண்டும். கீழ்நிலை அலுவலர் தம் பொறுப்பைத் தாண்டிச் செல்லாதிருக்க அதிகாரம் எல்லையிட்டு வகுக்கப்படுதல் வேண்டும் என்பதும், எழுத்தாணைகளை விட நேரில் பேசுதல் மேல் என்பதும், தண்டிப்பதில் தலைவருக்கு நிதானம் வேண்டும் என்பதும் இச்சூழலில் வெறும் அலுவலக ஒழுங்குகள் அல்ல. இவற்றைக் கல்லூரி வகுப்பறையில் தேநீர்க்கடை, துணிக்கடை உதாரணங்களோடு விளக்கும்போது அவற்றின் கூர்மை மழுங்கிவிடுகிறது.

தொழிலாளர் பற்றிய ஃபயோலின் பார்வை ஓர் அட்டவணையில் வெளிப்படையாகவே உள்ளது. நிறுவனத்தின் செயல்களைத் தொழில்நுட்பம், வணிகம், நிதி, பாதுகாப்பு, கணக்கு, நிர்வாகம் என ஆறாகப் பகுத்த அவர், ஒவ்வொரு படிநிலையினருக்கும் இவற்றில் எவ்வளவு திறன் வேண்டும் என்று எண்களில் காட்டினார். பெருந்தொழில் ஒன்றில் தொழிலாளிக்குத் தொழில்நுட்பத் திறன் 85, நிர்வாகத் திறன் 5. இயக்குநருக்குத் தொழில்நுட்பம் 15, நிர்வாகம் 40. இவ்வெண்கள் அளந்து பெற்றவை அல்ல, அவரது மதிப்பீடு. தொழிலாளிக்கும் நிர்வாகத்தில் 5 பங்கு உண்டு என்றதை அவர் தாராளமாகவே கருதியிருக்கக்கூடும்.

ஊதியம் பெறும் தலைவரின் தகுதிச் சான்று

நிலவியலில் பரிசு பெற்ற பொறியாளர் ஒருவர் தொழில்நுட்பத் திறனுக்கு 15 மட்டும் ஒதுக்கியது ஏன்? விடை அவரது சமூக நிலையில் இருக்கிறது. ஃபயோல் நிறுவனத்தின் உடைமையாளர் அல்லர். இயக்குநர் குழுவால் நியமிக்கப்பட்ட ஊதியக்காரர். உடைமை தரும் அதிகாரம் அவருக்கில்லை. பாலிடெக்னிக் பட்டம் தரும் மதிப்பும் இல்லை. அப்படியானால் பல்லாயிரம் பேருக்கு ஆணையிடும் உரிமை அவருக்கு எதனால் வந்தது? பதவியால் வரும் அதிகாரத்தையும், அறிவு, அனுபவம், பண்பு ஆகியவற்றால் வரும் தனிமனித அதிகாரத்தையும் அவர் வேறுபடுத்தியதை இக்கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நிர்வாகம் தனித்த அறிவுத்துறை என நிறுவப்பட்டால், அதை அறிந்தவர் உடைமையாளர் அல்லாதபோதும் தலைவராகத் தகுதியுடையவர் ஆகிறார்.

கல்வி பற்றிய அவரது பூசலும் இவ்வழியில் தெளிவாகிறது. பொறியியல் பள்ளிகள் உயர்கணிதத்துக்கு அளவுக்கு மீறிய இடம் தருகின்றன, தொழில் நடத்துவோருக்கு மூன்றன் விதியே போதுமானதாக இருந்துவந்தது என்று அவர் வாதிட்டார். கணிதத்தால் மாணவரைச் சலித்தெடுத்த பாலிடெக்னிக் மரபின் மீது விழுந்த அடி அது. நிர்வாகம் கற்பிக்கப்படாததற்குக் காரணம் கற்பிப்பதற்குரிய கோட்பாடு இல்லாமையே என்பதும், அக்கோட்பாட்டைத் தாம் தருகிறோம் என்பதும் அவர் நிலைப்பாடு.

கோட்பாடு ஒரே மூச்சில் எழுதப்பட்டதன்று. 1900 ஜூனில் பாரிசில் கூடிய பன்னாட்டுச் சுரங்க-உலோகவியல் மாநாட்டின் உரையில் அதன் முதல் வடிவத்தைக் காண்கிறோம். 1908இல் சேன்-தெத்தியேனில், சுரங்கத் தொழிற் கழகத்தின் பொன்விழாவில், பொதுக்கொள்கைகளை விரித்துரைத்தார். 1916இல் அக்கழகத்தின் இதழில் 'தொழில் நிர்வாகமும் பொது நிர்வாகமும்' எனப் பொருள்படும் ஆக்கம் வெளிவந்து, அடுத்த ஆண்டு நூலுருப் பெற்றது. ஐரோப்பியப் போர் நடுவே ஜூத்ரவில் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த நேரம் அது. நூலாசிரியருக்கு வயது 75.

அதே காலத்தில் பிரெடரிக் டெய்லரின் முறை பிரான்சில் பரவிக்கொண்டிருந்தது. ஃபயோல் டெய்லரை மதித்தார். ஆனால் ஒரே தொழிலாளிக்குப் பல மேற்பார்வையாளர் ஆணையிடும் டெய்லரின் ஏற்பாடு கட்டளை ஒருமையைக் குலைக்கும் என்று வெளிப்படையாகவே மறுத்தார். குதிரைச் சீட்டைப் பார்த்தவர் வேறு எவ்வாறு எழுதுவார்!

சொற்களின் பயணம்

ஃபயோல் ஆண்ட முதன்மைச் சொல் 'அத்மினிஸ்த்ராசியோன்'. நிறுவனம் முழுவதையும் அதன் நோக்கத்தை நோக்கிச் செலுத்துவதை அவர் ஆளுகை என வேறொரு சொல்லால் குறித்தார். நிர்வாகம் அவ்வாளுகை கையாளும் ஆறு செயல்களுள் ஒன்று. 1930ஐ ஒட்டி ஜே. ஏ. கூப்ரோ செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு பரவலாகக் கிடைக்கவில்லை. 1949இல் வந்த கான்ஸ்டன்ஸ் ஸ்டோர்சின் மொழிபெயர்ப்பே உலகெங்கும் பரவியது. அது அச்சொல்லை 'மேனேஜ்மென்ட்' என ஆக்கியது. அம்மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதிய லிண்டல் அர்விக்கே, இச்சொல்லாட்சி ஃபயோலின் கருத்தைத் தொழில்துறைக்குள் குறுக்கிவிடுமோ என்று கவலை தெரிவித்தார். தமிழ்ப் பாடநூல் மரபு ஆங்கில வழியே பெற்றதால் நமக்கு அது 'மேலாண்மை' ஆயிற்று.

நிர்வாகத்தின் ஐந்து கூறுகளிலும் இதே நிலை. ஃபயோலின் முதற்சொல் முன்கூட்டியே காண்பதையும் அதற்கு ஆயத்தம் செய்வதையும் ஒருங்கே குறிக்கும். 'திட்டமிடுதல்' என்னும்போது ஆயத்தம் நிற்கிறது, காணுதல் நழுவுகிறது. அவரது இறுதிச் சொல் 'கோந்த்ரோல்'. பிரெஞ்சில் அது, நடந்தது திட்டப்படியும் ஆணைப்படியும் நடந்ததா என்று சரிபார்ப்பது. தமிழில் 'கட்டுப்படுத்துதல்' என வரும்போது சரிபார்ப்பவர் அடக்குபவராகிவிடுகிறார். 'முன்னோக்கு', 'சரிபார்ப்பு' என்னும் சொற்களைப் பாடநூல் ஆக்கக் குழுவினர் அடுத்த திருத்தத்தின்போது எண்ணிப் பார்க்கலாம். ஃபயோல் கட்டளையிடுதல் என்று நேராகச் சொன்னதைப் பிற்காலப் பாடநூல்கள் 'இயக்குதல்' என மென்மையாக்கியதும் கவனத்துக்குரியது. 1886ஆம் ஆண்டு தெகாஸ்வில்லுக்குப் பின் எழுதிய ஒருவர் கட்டளை என்னும் சொல்லை அறியாமல் ஆண்டிருக்க மாட்டார்.

வெளிவராத பகுதி

1918இல், 77ஆம் வயதில், ஃபயோல் தலைமை இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். நிறுவனம் அப்போது நிதிநிலையில் உறுதியாக இருந்தது. எஞ்சிய ஆண்டுகளைக் கோட்பாட்டைப் பரப்புவதில் செலவிட்டார். நிர்வாக ஆய்வு மையம் ஒன்றை அமைத்தார். அஞ்சல், தந்தி, தொலைபேசித் துறையை ஆராய்ந்து 1921இல் கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அடிக்கடி மாறும் அரசியல் தலைமை, நீண்டகாலச் செயல்திட்டம் இன்மை, இருப்புநிலைக் குறிப்பு இன்மை, நாடாளுமன்ற உறுப்பினரின் தலையீடு ஆகியன அவர் சுட்டிய குறைகள். 1923இல் பிரசெல்சில் கூடிய நிர்வாக அறிவியல் மாநாட்டில் அரசுக்கான நிர்வாகக் கோட்பாட்டைப் பேசினார். 1925 நவம்பர் 19 அன்று பாரிசில் இறந்தபோது, அரசின் புகையிலைத் தொழிலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவரது நூல் நான்கு பகுதிகளாகத் திட்டமிடப்பட்டது. அவர் வாழ்நாளில் வெளிவந்தவை முதலிரண்டு மட்டுமே. மூன்றாம் பகுதி தம் சொந்த அவதானிப்புகளையும் அனுபவங்களையும் தரும் என்றும், நான்காம் பகுதி போரின் படிப்பினைகளைத் தரும் என்றும் அவர் அறிவித்திருந்தார். உலகம் பெற்றது கொள்கைகளையும் கூறுகளையும். அவை எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லும் பகுதி கையெழுத்தாகவே தங்கியது. பத்தாண்டுத் திட்டத்தை ஆண்டுதோறும் திருத்தியவர் தம் நூலின் திட்டத்தை முடிக்கவில்லை. 1973இல் பிளான்பேன் வெளியிட்ட குறிப்பேடுகளும், அதன் பின்னர் ழான்-லூயி போசெல் முதலியோர் ஆவணங்களிலிருந்து வெளிக்கொணர்ந்தவையுமே கொமந்த்ரியின் ஃபயோலை நமக்குக் காட்டுகின்றன. கையொப்பத்துக்காகக் காத்துநின்ற அந்த இளம் பொறியாளரும், விதியைக் காட்டி மறுத்த லாயப் பொறுப்பாளரும் அக்காகிதங்களில்தான் இருக்கிறார்கள். லாயப் பொறுப்பாளரின் பெயர் அங்கும் இல்லை.